அண்ணன் ஓட்டினால் நிற்கும் லாரி

சாங்கி ரோட்டில், பிடோக்கை நெருங்கும் மேட்டில், லாரி மறுபடியும் நின்றுவிட்டது. போகும்போது ஒரு தடவை நின்றது. இப்போது சரக்கோடு திரும்பும்போதும் நின்றது.

என் வீட்டுக்காரர் முன்பக்க மூடியைத் தூக்கி, இடுப்பு வரைக்கும் உள்ளே குனிந்துவிட்டார். வெளியே தெரிந்தது அவருடைய காக்கிக் காற்சட்டையின் பின்புறம் மட்டும்தான். என் அண்ணன் ஓட்டுநர் அறையின் கூரைமேல் ஏறினார். அங்கே கட்டியிருந்த எண்ணெய் டேங்கின் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திறந்து, மூங்கில் குச்சியை உள்ளே விட்டு அளந்தார். நான் பின்னால் மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளுக்கும் கீரைக் கூடைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கீரை என் கண்ணெதிரே தலை தொங்கிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் பாதிக்கு மேல கெடக்கு மாப்ளே. உங்க ரெட்டைப் புள்ளைங்கதான் குடிக்க மாட்டேங்குதுங்க" என்றார் அண்ணன் மேலிருந்து.

"அதுங்களுக்குக் குடிக்கத் தெரியும் மச்சான். ஓட்டுற காலுதான் சரியில்ல" என்றது காற்சட்டை.

அந்தக் கீரை மத்தியானத்துக்குள் கிடங்குக்குப் போகாவிட்டால் என் வீட்டுக்காரரைச் சியாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் நடு ரோட்டில் நின்று காலா, கார்புரேட்டரா என்று வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் மரவள்ளி மாவில் இட்லி அவித்த கதையை எழுதியதற்கு, "ஜப்பான்காரன் காலத்தில் இவ்வளவு சிரித்துக்கொண்டா இருந்தீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. பெரும்பாலும் எரிச்சலில்தான் இருந்தோம். பயம்கூட எப்போதாவதுதான் வரும். எரிச்சல் காலையில் கண் விழிக்கும்போதே வந்துவிடும். இந்த வாரம் அந்த எரிச்சலைத்தான் எழுதப் போகிறேன்.

ரெட்டைப் பிள்ளைகள்

என் வீட்டுக்காரர் பெயர் கோவிந்தராசு. வாயால் சொல்லக் கூடாதென்று என்னை வளர்த்தார்கள். எழுதக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்கட்டில்தான் எங்கள் குடித்தனம். என் அண்ணன் வேலாயுதம் லாரி ஓட்டுநர். கல்யாணம் ஆகாதவர், சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

ஜப்பான் சண்டைக்கு முந்தி, ஒரு ரப்பர் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மகனுக்குப் பந்தயக் கார் ஓட்டும் பைத்தியம் பிடித்திருந்தது. அமெரிக்க எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து, "இது மேட்டில் பறக்க வேண்டும்" என்று இவரிடம் விட்டுப் போனான். அந்த இன்ஜினுக்கு ஒரு கார்புரேட்டர்தான் உண்டு. இவர் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்தார். அதற்கு ஏற்றபடி அடியில் வார்ப்புக் குழாய் ஒன்றைத் தானே செய்தார். எங்களுக்குக் கல்யாணமான புதிது. மற்ற பெண்களின் புருஷன்மார் படத்துக்கு அழைத்துப் போனார்கள். என்னை உட்கார வைத்து, இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவில் காற்றை இழுக்கிறதா என்று ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். நானும் கேட்டேன். இரண்டிலும் ஒரே மாதிரி இரைச்சல் வரும்வரைக்கும் திருகாணியைத் திருப்பினார். பெண்ணாய்ப் பிறந்து இதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

குண்டு விழுந்தபோது அந்தக் காரின் உடம்பு நசுங்கிப்போனது, இன்ஜின் மட்டும் தப்பியது. தவுக்கேயின் மகன் என்ன ஆனான் என்று தெரியவில்லை. பிறகு ஜப்பான்காரன் சிங்கப்பூருக்கு ஷோனான் என்று பேர் வைத்தான். ராணுவத்துக்குக் காய்கறி சேர்த்து அனுப்பும் ஜப்பான் மேற்பார்வையாளர் ஒருவர், இன்ஜின் வெடித்துப்போன ஒரு லாரியை எங்கள் கடைக்கு முன்னால் இழுத்து வந்து போட்டார். இதை ஓட வை, சாங்கிப் பக்கத்துக் கிராமக் கம்பங்களிலிருந்து காய்கறி ஏற்றி வா என்றார். ஓட வைத்தால் மெக்கானிக்குக்கும் ஓட்டுநருக்கும் கைப்பட்டை தருவதாகச் சொன்னார்.

கைப்பட்டை என்பது வெறும் துணிதான். ஆனால் சியாம் காட்டில் ரயில் பாதை போடத் தமிழ் ஆட்களைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தேக்கா பசாருக்கு வெங்காயம் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை என்றால் எங்கே போனான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கையில் அந்தத் துணி இருந்தால் விட்டுவிடுவார்கள்.

ஆகவே பந்தயக் காரின் இன்ஜினைத் தூக்கி லாரியில் வைத்தார் இவர். "கீரை ஏத்துற வண்டிக்கு எதுக்கு மாப்ளே ரெண்டு? ஒண்ணக் கழட்டி வைங்க" என்றார் அண்ணன். "ஒண்ணு வச்சா எட்டு சிலிண்டரும் ஒண்ணுபோலக் குடிக்காது, மச்சான்" என்றார் இவர். அன்றைக்கு ஆரம்பித்தது வழக்கு.

என் வீட்டுச் சாமான்கள்

பெட்ரோல் கிடையாது. கிடைத்தது ரப்பர் எண்ணெய். ரப்பர் தகடுகளைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்து எடுப்பார்கள். தேநீர் நிறத்தில் இருக்கும். நாற்றம் புடவையில் ஏறினால் மூன்று துவையலுக்கும் போகாது. அந்த எண்ணெய் போகிற குழாயெல்லாம் பசையை அப்பிவிட்டுப் போகும்.

அந்தப் பசையை வடிகட்ட என்னுடைய மெல்லிய வாயில் புடவையைக் கிழித்தார். கல்யாணத்துக்கு என் சித்தப்பா எடுத்துக் கொடுத்தது. "நல்ல நெசவும்மா, தூசு ஒண்ணுகூட எறங்காது" என்று பாராட்டினார்.

கார்புரேட்டருக்குள் எண்ணெய் பாயும் சின்னத் துளைகள் இந்த எண்ணெய்க்குப் போதவில்லை. ஈயத்தால் அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும் என்றார். என் தையல் ஊசிகள் போயின. அந்தக் காலத்தில் ஊசி வாங்கக் கடையே கிடையாது. கிழிந்த ரவிக்கையைத் தைக்க நான் பக்கத்து வீட்டில் ஊசி கேட்டு நின்றேன்.

அடுத்தது பம்பு. டேங்கிலிருந்து எண்ணெயை உறிஞ்சி இன்ஜினுக்குத் தள்ளுவது அதுதான். அதற்குள் இருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது. தோலை வெட்டி வைத்தார், விறைத்துப்போனது. என் குடையின் துணியை வெட்டி வார்னீஷ் பூசி வைத்தார். ரப்பர் எண்ணெய் அதை ஒரு நாளில் கூழாக்கிவிட்டது. அந்த ஆண்டு அடைமழையில் நான் வாழை இலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பசாருக்குப் போனேன்.

கடைசியில் பம்பையே கழற்றி எறிந்தார். "மேல தொட்டி இருந்தா கீழ குழாயில தண்ணி தானா வருதுல்ல? அவ்வளவுதான்" என்றார். நொறுங்கிப்போன ஒரு பழைய காரின் டேங்கை எடுத்து, லாரிக் கூரைமேல் இரும்புப் பட்டையால் கட்டினார். அதிலிருந்து செம்புக் குழாய் இறங்கி, ஒரு திருகுக்குழாய், ஒரு வடிகட்டி, பிறகு இரண்டாகப் பிரிந்து இரண்டு கார்புரேட்டருக்கும் போனது. அந்தச் செம்புக் குழாய் எங்கள் மண்ணெண்ணெய் அடுப்பிலிருந்து வந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"தலைக்கு மேல கொள்ளிய வச்சிக்கிட்டு ஓட்டச் சொல்றாருல்ல உன் புருஷன்" என்றார் அண்ணன் என்னிடம். இவர் காதில் விழும்படிதான் சொன்னார்.

ஆயுத பூஜை

வண்டி கிளம்பிய நாளும் ஆயுத பூஜையும் ஒன்றாக வந்தன. எங்கள் ஆட்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்குமா? அண்ணன் விடியற்காலையில் குளித்துவிட்டு, கோயிலில் அரைத்த சந்தனம் ஒரு வாழையிலை நிறைய வாங்கி வந்தார். அரிசி இல்லை, சர்க்கரை இல்லை, பொரிக்கடலை இல்லை. சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் மட்டும் குறைவில்லை.

இருப்பதை வைத்து அமர்க்களப்படுத்தினார். ஸ்டியரிங்குக்குப் பொட்டு. விளக்குகளுக்குப் பொட்டு. வழக்குக்குக் காரணமான இரண்டு கார்புரேட்டருக்கும் பாரபட்சமில்லாமல் பொட்டு. கூரைமேல் ஏறி டேங்க் மூடிக்கும் வைத்தார். அது வட்டமான பித்தளை மூடி. நடுவில் சந்தனத்தைத் தடிமனாகக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, லாரி சந்திலிருந்து புறப்பட்டது. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அன்றைக்கே கேலாங் தாண்டியதும் நின்றது. அண்ணன் கூரைமேல் ஏறி எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. இறங்கி வந்து முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றினால் கிளம்பியது. பிடோக்கில் நின்றது. மறுபடியும் பார்த்தார், மறுபடியும் கிளம்பியது. கீரை கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது மாட்டுக்குத்தான் ஆகும் என்ற நிலை.

வண்டிக்கு இன்னும் சாமி துணை போதவில்லை என்று அண்ணன் முடிவு செய்தார். அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் எண்ணெய் ஊற்றி மூடியதும், பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

யார் குற்றம்

இவர் வண்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லிப் பிரிப்பார். புகைபோக்கியின் சூட்டில் குழாய்க்குள் எண்ணெய் ஆவியாகிறது என்று, குழாயை மாற்றி வளைத்து ஈரச் சாக்கைச் சுற்றினார். வடிகட்டி அடைக்கிறது என்று என் புடவையின் மிச்சத்தையும் கிழித்தார். கார்புரேட்டருக்குள் எண்ணெய் மட்டத்தைக் காக்கும் மிதவை சரியில்லை என்று அதை ஒரு நூல் அளவு ஏற்றினார், ஒரு நூல் இறக்கினார். ஒவ்வொரு தடவையும் ரேஸ் கோர்ஸ் ரோட்டைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பார். அப்போதெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

"நான் ஓட்டுனா ஓடுது. அவரு ஓட்டுனா நிக்குது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்பார் சாப்பிட உட்காரும்போது.

"ரேஸ் கோர்ஸ் ரோட்டுல தள்ளுவண்டிகூட ஓடும். சாங்கி வரைக்கும் ஓட்டிப் பாக்கச் சொல்லு தங்கச்சி" என்பார் அண்ணன், அதே பாயில் உட்கார்ந்துகொண்டு.

இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நான் கிழங்கைப் பரிமாறிக்கொண்டே தபால்காரி வேலை பார்க்க வேண்டும். "அவருகிட்ட சொல்லு", "இவருகிட்ட சொல்லு." ஒரு நாள் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். அப்போதுதான் சேர்ந்தாற்போல் "மரகதம்!" என்று கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மேற்பார்வையாளர் மூன்றாவது தடவை வாடிய கீரையைப் பார்த்ததும் அண்ணனை அறைந்தார். இவரை வரச் சொல்லி, கையில் கட்டியிருந்த துணியைச் சுண்டிக் காட்டினார். அவருக்குத் தெரிந்தது பசார் மலாய்தான்.

"லோரி தக் ஜாலான், லூ ஜாலான் சியாம்" என்றார். லாரி ஓடாவிட்டால் நீ சியாமுக்கு நட. நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் தவணை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் திரும்ப ஆரம்பித்தார்கள். காலால்தான், கார்புரேட்டரால்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு நானும் வர்றேன். பின்னால உக்காந்துக்கிட்டு யாரு குத்தம்னு பாத்துடுறேன்" என்றேன்.

"நீ எதுக்கு லா?" என்றார் இவர்.

"நீங்க போயிட்டா அப்புறம் எனக்குக் கீரை எதுக்கு, கிழங்கு எதுக்கு? நான் வருவேன்."

மூடி திறந்த சத்தம்

இப்படித்தான் நான் அந்த மேட்டில் மூட்டைகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தேன்.

போகும்போது வண்டி நின்றதே, அப்போதே ஒன்று என் காதில் விழுந்திருந்தது. அண்ணன் டேங்க் மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று சத்தம் வந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது திரும்பும்போதும் அதே சத்தம் வந்தது. காற்று உள்ளே போகிற சத்தம். குழாயைக் காதில் வைத்துக் காற்று கேட்கப் பழகியவள் நான். எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதா?

அண்ணன் மூடியை மூடிவிட்டு இறங்கினார். இவர் சுழற்றினார். இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தியா? மிதவையத் தட்டிவிட்டேன், கெளம்பிடுச்சு" என்றார் இவர்.

"நிப்பாட்டுங்க" என்றேன்.

"என்ன?"

"வண்டிய நிப்பாட்டுங்க. நீங்க மிதவையத் தட்டுனதால கெளம்பல. அவரு மூடியத் தொறந்ததால கெளம்புது. ஒவ்வொரு தடவையும் எண்ணெய் பாக்குறேன்னு தொறக்குறாரு. அப்பதான் உள்ள காத்துப் போகுது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"டின் பாலுக்கு ஒரே ஓட்ட போட்டா பால் வருமா? ரெண்டு ஓட்ட போட்டாத்தானே வரும்? டேங்குக்கு ரெண்டாவது ஓட்ட எங்க?"

இவர் முகம் மாறியது. "காத்து ஓட்ட" என்றார். "மூடியில இருக்கும். நடுவுல, பொடி ஓட்ட." ஒரே தாவில் கூரைமேல் ஏறினார். நானும் சக்கரத்தில் கால் வைத்து ஏறினேன்.

மூடியின் நடுவில் ஓட்டை தெரியவில்லை. அங்கே என் அண்ணனின் பொட்டு இருந்தது. ஆயுத பூஜையன்று வைத்தது, அதன்மேல் அடுத்த நாள் வைத்தது, அதற்கும் அடுத்த நாள் வைத்தது. வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒரு சுற்றுச் சுற்ற டேங்குக்குள் இருந்த காற்றே போதும், சாங்கிக்குப் போதாது.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் புடவை, என் ஊசி, என் குடை, என் அடுப்பு எல்லாம் கண்முன் வந்தன.

பொட்டு

"சரி, சொரண்டி எடுங்க" என்றேன்.

இவர் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்னங்க?"

"இல்ல... வெள்ளிக்கிழம."

அண்ணன் கீழேயிருந்து கத்தினார். "வச்ச பொட்ட அழிக்கிறதா? இன்னிக்கா? மரகதம், உன் புருஷன் உசுரு இன்னிக்கு ஊசலாடுது, ஞாபகம் இருக்கா? கட்டுனவ கண்ணு முன்னாலயே பொட்ட அழிக்கலாமா? வாயால சொல்லவே கூடாது அத!"

"அப்ப வேற என்ன செய்யலாம்?"

"நிக்க நிக்கத் தொறந்து பாத்துக்கிட்டே போவோம்."

"மத்தியானம் தவணை, அண்ணே! இதுக்குள்ள ரெண்டு மணி நேரம் போச்சு!"

"மூடிய லேசாத் திருகி வச்சிக்கிட்டுப் போனா?" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

"எண்ணெய் தளும்பி இன்ஜின் மேல ஊத்தும். நீங்கதானே சொன்னீங்க, மூடிய இறுக்கலன்னா வண்டியோட நாமளும் எரிஞ்சிருவோம்னு?"

எட்டு சிலிண்டரையும் இரண்டு கார்புரேட்டரையும் கரைத்துக் குடித்தவர். ஒரு சந்தனப் பொட்டைத் தொட முடியாமல் மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பொட்டை அழிப்பது என்றால் எங்கள் பெண்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஆனால் கீரை வாடிக்கொண்டிருந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"தள்ளுங்க" என்றேன். கொண்டையிலிருந்து ஊசியை உருவி நடுவில் குத்தினேன். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மிச்சத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். குங்குமம் துணி முழுக்க அப்பிக்கொண்டது. அடியில் கடுகு அளவுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது.

"என் பொட்டு நிக்கணும்னா இது போய்த்தான் ஆகணும். எடுங்க வண்டிய" என்றேன்.

அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பிறகு ஏறி ஓட்டினார். பிடோக், கேலாங், காலாங் பாலம் எல்லாம் தாண்டியது. வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. மேட்டில் அந்த இன்ஜின் பறந்தது. கீரைக் கூடைகளை நான் உடம்பால் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மத்தியானத்துக்கு முன்னால் கிடங்கு வாசலில் நின்றோம். மேற்பார்வையாளர் கீரையைத் தொட்டுப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், உள்ளே போனார். இவர் கையில் அந்தத் துணி அப்படியே இருந்தது.

அன்று சாப்பிடும்போது, "உங்க அண்ணன் வச்ச பொட்டாலதான் எல்லாம்" என்றார் இவர். "ஒரு ஓட்ட எங்க இருக்குன்னு தெரியாத மெக்கானிக்" என்றார் அண்ணன். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

நல்ல வண்டி

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன்.

லாரி நன்றாக ஓடியது. அதுதான் வினை. ஷோனானில் இருந்த லாரிகளில் பாதி பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்துப் புகைந்துகொண்டு ஊர்ந்தபோது, எங்கள் கீரை வண்டி மட்டும் மேட்டில் எல்லாரையும் தாண்டிப் போனது. பார்க்கக் கூடாதவர்கள் பார்த்துவிட்டார்கள்.

ஒரு நாள் பகல் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போயிருந்தேன். முற்றத்தில் லாரியைச் சுற்றி ராணுவ ஆட்கள் நின்றிருந்தார்கள். மேற்பார்வையாளர் இன்ஜின் மூடியைத் தட்டி, "லோரி பாகுஸ்" என்றார். நல்ல லாரி. சியாமுக்குப் போகிறது. ஓட்ட அவர்களிடமே ஆள் உண்டு. ஆனால் இந்த இரண்டு கார்புரேட்டர் கூத்து அவர்கள் யாருக்கும் புரியவில்லை. அதனால் மெக்கானிக்கும் கூடப் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் தூக்குச்சட்டியோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

அண்ணன் முன்னால் வந்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "சாயா மெக்கானிக்" என்றார். இவரைக் காட்டி, "இவரு சும்மா பட்டறை வச்சிருக்கிற ஆளு. வேலையெல்லாம் நான்தான்" என்று மலாயும் தமிழும் கலந்து சொன்னார்.

மேற்பார்வையாளர் நம்பவில்லை. கார்புரேட்டரைச் சுட்டினார். கழற்று, மாட்டு, ஓட்டிக் காட்டு.

ஒரு கார்புரேட்டர்கூட அதுவரைக்கும் கழற்றியவர் இல்லை என் அண்ணன். ஆனால் அத்தனை வாரமும் பக்கத்தில் நின்று இவரோடு சண்டை போட்டிருக்கிறாரே. சண்டை போட வேண்டுமென்றால் பார்த்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்? திருகாணிகளைக் கழற்றி வேட்டி மடிப்பில் வரிசையாக வைத்தார். உள்ளிருந்த ஊசியை எடுத்தார். மிதவையை எடுத்தார், ஊதினார், திரும்ப வைத்தார்.

என் பக்கத்தில் இவர் தூக்குச்சட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். "ஒரு நூல் தூக்கிட்டாரு" என்று உதடு அசையாமல் சொன்னார். யாராவது ஒரு மரையைத் தப்பாகத் திருகினால் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து திருத்துகிற மனிதர். அன்று திருத்தவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்க, வாயை மூடிக்கொண்டு நின்றார்.

அண்ணன் சுழற்றினார். வண்டி இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, பிறகு பிடித்துக்கொண்டு ஓடியது.

"பாகுஸ்" என்றார் மேற்பார்வையாளர்.

அன்றைக்கே ஏற்றிவிட்டார்கள். அண்ணன் சாப்பிடக்கூட இல்லை. தூக்குச்சட்டியை அப்படியே கையில் கொடுத்தேன். வண்டியில் ஏறிய பிறகு இவரைப் பார்த்து, "மாப்ளே, இன்னிக்குத்தான் ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தீங்க. நல்லா இருங்க" என்றார். இவர் வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடினார். மிதவையை ஒரு நூல் இறக்கச் சொல்லி ஓடினார். இன்ஜின் சத்தத்தில் அது அண்ணனுக்குக் கேட்டதா என்று தெரியாது.

சியாமிலிருந்து வந்தவர்

ஜப்பான்காரர்கள் போன பிறகு, எலும்பும் தோலுமாக ஒருவர் எங்கள் கடையைத் தேடிக்கொண்டு வந்தார். அண்ணனோடு ஒரே முகாமில் இருந்தவர். எங்களைத் தேடி வந்தது எதற்கென்று அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. காலரா. மழைக்காலத்தில். நிறையப் பேரோடு சேர்த்து.

இவர் கையில் ஸ்பேனரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வந்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஒங்க வண்டி கடைசி வரைக்கும் ஓடுச்சுங்க. வேலாயுதம் அண்ணே அதப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு. 'என் மாப்ள கட்டுன வண்டிடா இது. ரெண்டு கார்புரேட்டர் வச்சு ஓட்ட அவரால மட்டும்தான் முடியும். சிங்கப்பூர் முழுக்கத் தேடுனாலும் அந்த மாதிரி கைக்காரன் கெடைக்க மாட்டான்'னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லுவாரு. எங்களுக்குக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு."

இவர் ஸ்பேனரைத் தரையில் வீசி எறிந்தார்.

"இத இங்க இருந்தப்ப சொன்னா என்னவாம்? ஒரே பாயில உக்காந்துதானே தின்னோம்! ஒரு நாள், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அங்க போயி, காட்டுல, கண்டவன்கிட்டல்லாம் சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்ல வாய் வரலயா அந்த மனுஷனுக்கு?"

சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். எதிரில் நின்றது அண்ணன்தான் என்பதுபோலக் கத்தினார். பாவம், வந்தவர் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

நான் அவருக்கு என்ன சொல்ல? எனக்கும் அதே கோபம்தான்.